நாற்காலி வாத்தியாரின் ஆராய்ச்சி முடிவு

அறுபதுகளில் திருப்பூர் சைக்கிள் கேரியர்கள் பார்க்காத பொருளில்லை. பஞ்சுப் பொதி போகும், பனியன் மூட்டை போகும், சமயத்தில் மாமியாரும் போவார். நாற்காலியைக் கட்டிக்கொண்டு மிதித்தவர் மட்டும் உலகத்திலேயே ஒருத்தர்தான்: எங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி உளவியல் விரிவுரையாளர். ஊருக்கு அவர் நாற்காலி வாத்தியார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

எல்லாம் ஆராய்ச்சிக்காக. வேலம்பாளையம் பக்கம் துப்புரவுத் தொழிலாளர் காலனிக்குப் போய், அவர்கள் பட்டதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதக் கிளம்பினார். போனால், எல்லோரும் எழுந்து கைகட்டி நின்றார்கள். கஷ்டமா என்றால் "ஆமாங்க சாமி." சுகமா என்றால் அதற்கும் "ஆமாங்க சாமி."

மறுநாள் ஆசிரியர் அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கட்டிக்கொண்டு போனார். அது என் நாற்காலி என்பதைச் சரித்திரத்துக்காகச் சொல்லிவைக்கிறேன். மாராத்தாள் என்கிற அம்மாளை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, தான் தரையில் சம்மணம் போட்டார். ரொம்பக் கெஞ்சியபின் அந்தம்மா நுனியில் உட்கார்ந்தார். அப்புறம் நன்றாகச் சாய்ந்தார். அப்புறம் சொன்னாராம்: "நேத்துச் சொன்னதையெல்லாம் அடிச்சிருங்க. இப்பக் கேளுங்க."

வினை நாற்காலியின் முதுகில் இருந்தது. அதை நன்கொடையாகத் தந்த பனியன் கம்பெனி முதலாளி, தன் தகப்பனார் பெயரை அங்கே வெள்ளைப் பெயிண்டில் எழுதிவைத்திருந்தார். கல்லூரி நிர்வாகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். "எங்கய்யன் பேரு மேல எவ முதுகு சாயறது?" என்று குழுவைக் கூட்டிவிட்டார். மன்னிப்புக் கேட்டால் வேலை உண்டு; இல்லாவிட்டால் இல்லை.

வாத்தியாரை நிற்கவைத்தார்கள். நான் குறிப்பெழுத மூலையில் உட்கார்ந்திருந்தேன். வீரத்துக்கு ரொம்பத் தோதான இடம்.

"செஞ்சது தப்புன்னு ஒத்துக்கறீங்களா, வாத்தியாரே?"

"ஆமாங்க சாமி."

தலைவர் குளிர்ந்துபோனார். "திரும்ப அங்க போவீங்களா?"

"ஆமாங்க சாமி."

"என்னங்க, நக்கலா?"

"இல்லீங்க. நிக்கவெச்சுக் கேட்டா இந்தப் பதில்தானுங்க வரும். அதுதான் என் ஆராய்ச்சி முடிவு. நெசம் வேணும்னா ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

ஒருவரும் அசையவில்லை. நான் எழுந்தேன். கால் மரத்துப்போனதால் எழுந்தேன் என்றுதான் அப்புறம் எல்லோரிடமும் சொன்னேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை வாத்தியார் பின்னால் இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார், நன்றாகச் சாய்ந்து.

"தப்பே இல்லீங்க. நாளைக்கும் போவனுங்க."

வேலை போயிற்று. சொன்னபடி மறுநாளும் சைக்கிளை எடுத்தார். கேரியர் காலி. போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்று மணியடித்தார். எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு நாற்காலி.

இதைக்கூடத் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேறொன்று வாங்க மனசு வரவில்லை.