பாஸ் கைவைத்த கூரை

கூரையைப் பிரித்த மறுநாளே பதுளையில் மழை பிடித்துக்கொண்டது. புடைவைக்கடை இத்ரூஸ் முதலாளி தன் வீட்டு ஹாலில் குடை பிடித்தபடி உட்கார்ந்து, கொங்கிறீட் வேலைக்கு அமர்த்திய மேசன் வீரசிங்கம் பாஸ் வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ஹம்ஸியாவின் நிக்காஹ் அந்தக் கூரையை நம்பித்தான் இருந்தது. "ஒழுகுற வீட்டுல வச்சு என் மகனுக்கு நிக்காஹ் வேணாம். கொங்கிறீட் தட்டு போடுங்க, நோன்புக்கு முந்தி முடிச்சிருவம்" என்று வெலிமடை மொஹிதீன் ஹாஜியார் சொல்லிவிட்டார்.

இத்ரூஸ் ஆழம் பார்க்காமல் காலை விடுகிறவர் அல்ல. சீத்தைத் துணியை இரண்டு விரலால் தேய்த்தே சாயம் போகுமா என்று சொல்லிவிடுவார். பாஸைப் பற்றியும் ஊரெல்லாம் விசாரித்தார். பஸ் ஏறி ஹாலிஎலவுக்குப் போய், அவர் வேலை செய்த ஜெயலெட்சுமி டீச்சர் வீட்டு முன்பக்கத் தட்டைக் குடையால் தட்டியும் பார்த்தார். பாறை மாதிரி இருந்தது.

"ஆள் எப்பிடி டீச்சர்?"

"தங்கமான மனுசனுங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

அந்த 'இன்னைக்கே'யைத்தான் அவர் தேய்த்துப் பார்க்கத் தவறிவிட்டார்.

ஒரே நாளில் கூரை ஓடுகளையெல்லாம் இறக்கிய பாஸ், பலகை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர்தான். மழைக்கு இத்ரூஸ் ஒரு படங்கு வாங்கி மேலே கட்டினார். படங்கில் தண்ணீர் தேங்கி, தொந்தி வைத்து, ஒரு விடியற்காலையில் கிழிந்தது. பெர்மிட்டுக்கு அலையாய் அலைந்து வாங்கிய சீமெந்து மூட்டைகளின் மேல் அத்தனையும் கொட்டியது.

அடுத்த வாரம் பாஸ் வந்து மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"சரக்கு நல்ல சரக்குங்க முதலாளி. எப்படி இறுகியிருக்கு பாருங்க."

பகல் சோறு போட்டால் தவறாமல் வருவார் என்று இத்ரூஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். வரத்தான் செய்தார். நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு, சரியாகச் சோறு வேகிற நேரத்துக்கு வந்தார். சும்மா சாப்பிட்டுப் போகக் கூச்சப்பட்டு, குசினி முழுக்க முட்டுக்கம்பு நட்டுவிட்டும் போனார். அந்தக் கம்புகளுக்கு நடுவே அகப்பையைத் திருப்ப இடமில்லாமல் மனைவி ஸித்தி ஸுபைதா திண்டாடினாள்.

"இது ஊடா, சவுக்குத் தோப்பா? அந்த மனுசன அனுப்பிட்டு வேற ஆளப் பாருங்க."

இத்ரூஸ் ஷுக்ரி பாஸைத் தேடிப் போனார். ஷுக்ரி காதைப் பொத்தாத குறைதான்.

"ஒரு பாஸ் கைவச்ச வேலையில இன்னொரு பாஸ் கைவைக்கிறது வழக்கமில்ல நானா. நீங்க விரட்டினாலும் நான் வரமாட்டன். அவரா வேற வேல கெடச்சுப் போகணும்."

வீட்டுக்கு வந்தால், நனையாத ஒரே மூலையில் கல்யாணச் சேலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹம்ஸியா உட்கார்ந்திருந்தாள்.

"வாப்பா, நோன்புக்கு முந்தி நடக்குமா?"

அவருக்கு அழுகை வந்தது. நல்லவேளை, மழையில் அது தெரியவில்லை.

மறுநாளே ஹாலிஎலவுக்குப் போய் டீச்சரைப் பிடித்தார்.

"தங்கம்னு சென்னீங்களே டீச்சர்?"

டீச்சர் அவரை வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே சமையலறைக்கு மேலே வானம் தெரிந்தது. வேறொரு பாஸ் அப்போதுதான் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

"முன்பக்கம் மட்டும் முடிச்சாரு, ஆளுங்களுக்குக் காட்ட வேணுமில்லீங்களா. நான் குறை சொல்லியிருந்தா நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்களா? கோவிக்காதீங்க. உங்ககிட்டயும் ஒருத்தர் விசாரிச்சு வருவாரு. அப்ப வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

சாயம் போகும் துணியைப் போகும் என்று சொல்லியே விற்கிற மனிதர் இத்ரூஸ். அந்தப் பொய்யை நினைக்கவே அவருக்கு நெஞ்சு கசந்தது. ஆனால் நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே ஒரு லொறி ட்ரைவர் கடை வாசலில் வந்து நின்றார். பெயர் முருகையாவாம்.

"எங்க முதலாளி வீட்டுல ஒரு தட்டு போடணுங்க. வீரசிங்கம் பாஸ் எப்படி? மத்தவங்க என்னமோ சொல்றாங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்னு முதலாளி கேட்டுட்டு வரச்சொன்னாரு."

எந்த முதலாளி என்று கேட்க இத்ரூஸுக்குத் தோன்றவில்லை. கேட்டால் மனம் இளகிவிடும் என்ற பயமும் இருந்தது. மனசுக்குள் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு ஒரு தவ்பா செய்துகொண்டார்.

"தங்கமான மனுசன். இன்டைக்கே கூட்டிட்டுப் போங்க."

பின்னேரமே பாஸ் முட்டுக்கம்புகளைப் பிடுங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஸித்தி ஸுபைதா வெகுநாளைக்குப் பிறகு அகப்பையை நிம்மதியாகத் திருப்பினாள். திங்கட்கிழமை வேலை தொடங்குவதாக ஷுக்ரி ஒத்துக்கொண்டார். அன்றிரவு இத்ரூஸ் குடையை மடக்கி வைத்துவிட்டு, நனைந்தபடியே நன்றாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை முருகையா மறுபடியும் வந்தார். கையில் ஒரு கூடை உருளைக்கிழங்கு.

"எங்க முதலாளி மொஹிதீன் ஹாஜியார் சலாம் சொல்லச் சொன்னாருங்க. மழையால உங்க வேலை இழுத்துக்கிட்டே போகுதாம், பாவமாம், அதனால நிக்காஹ் வெலிமடையில அவரு வீட்டுலயே வச்சுக்கிடலாமாம். சம்பந்தின்னு தெரிஞ்சா முகத்துக்காகச் சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்குப் பேரைச் சொல்ல வேணாம்னாரு. தட்டு முடியிற அன்னைக்கே நிக்காஹ். பாஸ் நேத்தே கூரையப் பிரிச்சிட்டு, பலகை கொண்டாறேன்னு போயிருக்காருங்க."