மேல்பட்டாம்பாக்கத்து மூளை

யானைக்கு மறதியே கிடையாது, பாம்பு பன்னிரண்டு வருஷம் பழியை மனசில் வைத்திருக்கும், மாட்டுக்கு மட்டும் ஞாபகம் மூன்றே நாழிகைதான் என்று பஞ்சநாதம் தீர்ப்புச் சொன்னார். அண்ணாமலை நகரில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவர் சொன்னால் சும்மாவா! சிதம்பரத்தில் அவர் தெருவே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. கேட்காதவள் அவர் பெண்டாட்டி சிவகாமு ஒருத்திதான்.

"பாம்பு உங்ககிட்ட வந்து சொல்லிச்சா மாமா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கான்டி!"

"எங்க மாட்டைப் பத்தியும் போட்டிருக்கானா?"

அங்கேதான் வம்பு. வண்டி மாடு அவள் பிறந்த வீட்டுச் சீர், மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தது. அதைத் திருப்பி ஓட்டிவிட்டு, சைக்கிளில் மணியடித்துக்கொண்டு ஆபீஸ் போகவேண்டும் என்று பஞ்சநாதத்துக்கு ஒரே துடிப்பு.

"உங்க ஊரு மூளையே அவ்வளவுதான். மாட்டுக்கும் சரி, மச்சானுக்கும் சரி!"

அண்ணனைச் சொன்னதும் சிவகாமுவுக்குச் சுருக்கென்றது.

"பந்தயம் மாமா. திங்கக்கிழமை நீங்க வண்டியில உக்காருங்க, நானும் வர்றேன். கயித்தை யாரும் தொடக்கூடாது. மாடு தானா வழி தெரிஞ்சி ஆபீசுக்குப் போகலைன்னா சைக்கிள் வாங்கிக்குங்க. போச்சின்னா மாடு இங்கதான், எங்க அண்ணன்கிட்ட நீங்க மன்னிப்பும் கேக்கணும்."

"திங்கக்கிழமை விரதமாச்சேடி."

"வண்டியில உக்காந்தா விரதம் கெட்டுடுமா?"

கார்த்திகை சோமவாரம் என்றால் பஞ்சநாதத்துக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. தெருவில் அவருக்கு 'விரதக்காரர்' என்றே பேர். அந்தப் பேரில் அவருக்கு ஏகப் பெருமை. புருஷன் விரதம் இருந்தால் பெண்டாட்டியும் இருக்கவேண்டும் அல்லவா? மூன்று சோமவாரமாக அவளுக்குக் காதடைத்துக் கண் இருண்டது. அவர் முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. தெய்வ களை என்றார்கள் எல்லாரும்.

நாலாவது சோமவாரம். பக்கத்து வீட்டு சுப்புராயன் சாட்சிக்கு ஏறிக்கொண்டான். மாட்டுக்கு ஞாபகம் இல்லை என்று சாதித்தவர், தன் ஞாபகத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வண்டியேறினார்.

மாடு கீழவீதியில் அழகாகத் திரும்பியது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது. ரயில்வே கேட் வரைக்கும் ஒரு பிசகு இல்லை.

"பாத்தீங்களா, எங்க ஊரு மூளையை!" சிவகாமுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கேட்டுக்கு முன்னால் மாடு சடக்கென்று ஒரு சந்துக்குள் நுழைந்தது.

"மறந்துடுச்சி! ஜெயிச்சேன்!" பஞ்சநாதம் வண்டிக்குள்ளேயே குதித்தார். சைக்கிள் மணி அவர் காதில் கணீரென்று அடித்தது. அப்புறம்தான் எந்தச் சந்து என்று பார்த்தார். பாய்ந்து கயிற்றைப் பிடிக்கப் போனார்.

"கயித்தைத் தொடக்கூடாது மாமா!"

மாடு ஒரு காபி கிளப் வாசலில் நின்றது. எச்சில் இலைத் தொட்டிக்குள் உரிமையோடு மூஞ்சியை விட்டது.

கிளப்காரர் சபாபதி ஓடிவந்தார். "வாங்க சார்! மாட்டைப் பாத்ததுமே இலை போட்டுட்டேன். சோமவாரமாச்சே, அதே ஆறு இட்லி, கத்திரிக்காய் கொத்சு!"

சுப்புராயன் கிளுக்கென்று சிரித்தான். பஞ்சநாதம் விறைத்து உட்கார்ந்தார்.

"யாருய்யா நீ? நான் இந்தக் கடைக்கு வந்ததே இல்லை!"

"ஐயையோ! மாட்டுக்கு இருக்கிற ஞாபகம்கூட சாருக்கு இல்லையே!" சபாபதி நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"இருங்கண்ணே," என்றாள் சிவகாமு. "மாமா, நீங்க இங்க வந்ததே இல்லை?"

"நடராஜா சத்தியமா இல்லை!"

"அப்ப அந்த இலை உங்களுது இல்லை?"

"இல்லவே இல்லை!"

சிவகாமு இறங்கினாள். விடுவிடென்று உள்ளே போய் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டாள்.

"அடியே, விரதம்டி!"

"என் விரதம் போன வாரம் நீங்க விட்ட ஏப்பத்துலேயே முறிஞ்சிடுச்சி மாமா. கொத்சு வாசனை கூடம் பூரா அடிச்சிது."

ஆறு இட்லியும் உள்ளே போயின. பஞ்சநாதம் வண்டியிலிருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வீட்டில் காபிகூடக் குடிக்காத வயிறு ஊரைக் கூட்டியது. ஒன்றே ஒன்று கேட்கலாமா என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் சபாபதி ஒரு டம்ளரில் தண்ணீரோடு வண்டியை நோக்கி வந்தார்.

"அவருக்கு வேணாம்ண்ணே," என்றாள் சிவகாமு உள்ளேயிருந்து. "எங்க வீட்டுக்காரர் விரதம்னா விரதம், பச்சைத் தண்ணி தொடமாட்டாரு!"