சத்தம் வைத்த தோட்டா வார்

தவறான யோசனையைத் தயங்கித் தயங்கிச் சொல்பவர்களால் உலகத்துக்குப் பெரிய சேதம் வருவதில்லை. அதையே முழு நம்பிக்கையோடு எடுத்துச் சொல்லும் என் போன்றவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை. எழுபதுகளின் இறுதியில் புதுமணப்பெண்ணாக நான் செய்த ஒரு காரியம் இதற்குச் சாட்சி.

குமாரபாளையத்தில் தறிகளுக்கு நடுவே வளர்ந்த நான், கல்யாணமாகிப் போதமலை அடிவாரத்துக் கடலைக் காட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம், காலாண்டு விடுமுறை முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. மாமனாரின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. கேட்டபோது, “பாக்கலாம் அம்மிணி” என்றார். (அந்த வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் மாட்டேன் என்று பொருள். அது புரியாதவள் புது மருமகளாகத்தான் இருக்க முடியும்.)

அவர் மனத்தைக் கரைக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, காட்டுப்பன்றிகள் உதவிக்கு வந்தன. முற்றிய கடலையை அவை தோண்டித் தின்றுகொண்டிருந்தன. பயிர்க் காவலுக்கென்று மாமாவிடம் உரிமம் வாங்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. தோட்டாக்களைத்தான் எங்கள் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார்.

“பன்னி முன்னால வந்து நிக்கறப்பப் பைக்குள்ள கைய உட்டா, பொகையிலப் பொட்டலம் வருது. தோட்டா வர மாட்டீங்குது” என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். “தோல்ல ஒரு வார் தெச்சு இடுப்புல கட்டுனாத் தேவல.”

“நான் செஞ்சு வாங்கிட்டு வாரனுங்க மாமா” என்றேன். தோலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தயக்கமும் இல்லை.

அளவுக்கு ஒரு வெற்றுத் தோட்டாவையும், அத்தை நூல் பிடித்துக் கொடுத்த இடுப்பளவையும் எடுத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். செருப்பிலிருந்து காளையின் கழுத்துப் பட்டை வரை தைப்பதில் பேர் பெற்ற மாணிக்கம் என்பவர் அங்கே இருந்தார். தோட்டாவை உருட்டிப் பார்த்தார். வளையங்களுக்கு மெல்லிய தோலையும் வாருக்குத் தடித்த தோலையும் தேர்ந்தெடுத்தார். பிறகு கேட்டார்:

“யாரு கட்டறதுக்குங்க அம்மிணி?”

“எங்க மாமனாருக்குங்க.”

“பெரிய மனுசருங்களா?”

“ஊருக்கே பெரியவருங்க.”

“அப்பச் சத்தம் வெச்சரலாமுங்களா?”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்நாளில் வசதியுள்ள ஆண்களின் புதுச் செருப்பு ‘கிறீச் கிறீச்’ என்று சத்தமிட்டாக வேண்டும். ஆள் வருமுன் அவருடைய மதிப்பு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தைப்பவர் தோல் அடுக்குகளுக்கு நடுவே கைவேலை ஒன்று செய்து அந்தச் சத்தத்தை வரவழைப்பார். நானோ தறியூர்க்காரி. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் தொழில் நடக்கிறது. நின்றால் கரண்ட் போய்விட்டது.

“நல்லாவே வையுங்க” என்றேன்.

மாணிக்கம் முகம் மலர்ந்தது. “செருப்புக்குத்தான் வெச்சுப் பழக்கமுங்க. வாருக்கு இதுதான் மொதலு. பாருங்க, பேசும்.”

பேசியது. வாசலில் மாமா அதைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டியபோது, வீடே கூடி நின்று ரசித்தது. அவருடைய தம்பி, “அண்ணா, நீங்க வர்றது அடுத்த ஊருக்கே கேக்குமுங்க” என்று மனமாரப் பாராட்டினார். பன்றிக்கும் காது உண்டு என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமா என்னைப் பார்த்து, “பள்ளிக்கூடம் என்னைக்குத் தொறக்கறாங்க?” என்று கேட்டார். என் மனத்துக்குள் முதல் மணியே அடித்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை மாமா காட்டுக்குப் போனார். காப்பித் தூக்கோடு அத்தையும் நானும் கிணற்றடி மோட்டார் ரூமில் காத்திருந்தோம். இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. ஆனாலும் மாமா இருக்கும் இடம் எங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

கிறீச். கிறீச்.

“வாய்க்கா மேல போறாரு” என்றார் அத்தை.

கிறீச்.

“தென்ன மரத்துக்கிட்டத் திரும்பறாரு.”

பிறகு அமைதி. “பதுங்கிட்டாராட்ட இருக்குது” என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதே நேரத்தில் மாமாவும் மூச்சு விட்டிருக்க வேண்டும். கிறீச்.

அப்போதுதான் கடலைக் காட்டின் எங்கள் பக்கத்து ஓரத்திலிருந்து தாய்ப்பன்றி ஒன்று வெளியே வந்தது. பின்னால் குட்டிகள். ஓட்டமில்லை, பதற்றமில்லை. சத்தம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமாக, மோட்டார் ரூமைக் கடந்து, மலையை நோக்கி வரிசையாக நடந்தன. நாங்கள் இருவரும் தூக்குப்போசியைக் கட்டிக்கொண்டு சிலையாக நின்றோம்.

நன்றாக விடிந்த பிறகு மாமா வந்தார். (வருவது முன்பே தெரிந்திருந்தது.)

“பன்னி எங்க போச்சு?”

“இப்படித்தானுங்க போச்சு” என்றார் அத்தை. “போறப்ப உங்க சௌக்கியத்தக் கேட்டுட்டுப் போச்சு.”

மாமா வாரை அவிழ்த்து மோட்டார் மேல் வைத்தார். “ஏன் அம்மிணி, இந்தச் சத்தம் தெச்ச ஆளு தானா வெச்சதா?”

“நாந்தானுங்க மாமா வெக்கச் சொன்னேன். நல்லாவே வையுங்கன்னேன்.”

வாரை எடுத்து ஒருமுறை வளைத்துப் பார்த்தார். அது உடனே பதில் சொன்னது. “நல்லாத்தான் வெச்சிருக்கறான்” என்றார்.

அன்று பகலெல்லாம் நான் விளக்கெண்ணெயை வாரில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். குரல் இன்னும் கணீரென்று ஆயிற்று. வேலை போயிற்று என்று முடிவு கட்டி, சான்றிதழ்களைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் மாமா கூப்பிட்டார்.

“திங்கக்கெழமையிலிருந்து பள்ளிக்கூடம் போயிரு அம்மிணி.”

என் கண்கள் கலங்கிவிட்டன. எவ்வளவு பெரிய மனசு என்று உருகி நின்றேன். உள்ளே போனவர் அத்தையிடம் சொன்னதும் காதில் விழுந்தது: “ஊட்டுல உக்கார வெச்சா, அடுத்தாப்புலத் துப்பாக்கிக்குச் சலங்கை கட்டிப்போடும்.”

காரணம் எதுவானாலும் சம்மதம் சம்மதம்தான். தோட்டாக்கள் மஞ்சப்பைக்கே திரும்பின. நான் ராசிபுரம் பஸ் ஏறினேன். பின்னாளில் அந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியையும் ஆனேன். அந்த விடியற்காலையிலிருந்து சத்தமிடும் செருப்பை மட்டும் காலில் போட்டதில்லை.

நான் ஓய்வுபெற்ற நாளின் பாராட்டு விழாவில் ஓர் ஆசிரியர், “அம்மா வகுப்பு வாசலில் வந்து நிற்பது யாருக்குமே கேட்காது. அப்படியொரு நடையை எங்கே பயின்றார்களோ” என்று வியந்தார். முன் வரிசையில் இருந்த என் கணவர், கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

“எங்க காட்டுலதானுங்க. அதுக்கு எங்கப்பா ஒரு பன்னிக் குடும்பத்தையே ஃபீஸாக் கட்டுனாரு.”