ஜவாஹிர் மாமா தைரியம் சொல்ல வந்தார்

டிசம்பர் மாதம் பிறந்ததும் கண்டியில் மழையோடு சேர்ந்து தைரியம் சொல்பவர்களும் இறங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான சீனியர் எழுதும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? எறும்புக்குச் சர்க்கரை தெரிகிறதே, அப்படித்தான். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லி, குடையை மூலையில் சாத்தி, கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்து, மெலிந்துவிட்டதாக வருந்தி, அதன் பிறகே தைரியத்தை எடுப்பார்கள்.

எங்கள் ஊர்க் கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருந்த ஜவாஹிர் மாமா இந்த வகையில் முதல் தரம். "பயப்பட வேணாம்" என்பார். உடனே, நாம் அதுவரை பயப்படாத ஒன்றைச் சொல்வார். சுட்டெண்ணை, அதுதான் பரீட்சை நம்பரை, மறந்துபோனவன், கணக்குத் தாளின் நடுவில் காய்ச்சல் கண்டவன், எல்லாரும் அவர் பேச்சில் வருவார்கள். விடைத்தாள்கள் திருத்தக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகவேண்டும். கடல் என்றால் கடல்தான், அதையெல்லாம் யோசிக்கக் கூடாது என்பார்.

எங்கள் தெருப் பிள்ளை நளீருக்கு அந்தப் பரீட்சை இரண்டாம் தடவை. முதல் தடவை முக்கோணமும் வட்டமுமான கேத்திர கணிதத்தில் விழுந்தவன். அப்போதிக்கரியாகி ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கவேண்டும் என்பது அவன் ஆசை. இந்த முறையும் விழுந்தால் ஹேவாஹெட்ட ஊரிலிருக்கும் வாப்பாவின் கடையில் கருவாடு நிறுக்கவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. பரீட்சைக்கு முதல்நாள் மத்தியானம், உம்மா உம்மு குல்சும் எப்படியோ அவனைச் சோற்றுக்கு முன் உட்காரவைத்த நேரம் பார்த்து மாமா வந்தார். ஐந்தாவது "பயப்பட வேணாம்" ஆனபோது சோற்றுக் கோப்பை தள்ளிப் போயிருந்தது. எட்டாவதில் பிள்ளையின் கை நடுங்கியது.

மூத்தவரை எழுந்து போகச் சொல்ல முடியுமா? உம்மு குல்சும் தேத்தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு, அண்ணனை அழைப்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"காக்கா, நீங்களும் சீனியர் எழுதினதானே? எப்பிடி எழுதின?"

மாமா வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். இருபத்துநான்கு வருடங்களாக அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று நிறுவச் சொன்னார்களாம். வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும்வரை கண்டி வாவியைச் சுற்றி நடந்தாராம்.

"அது இன்னமும் எனக்கு வெளங்கல்ல மகன்" என்றார்.

இதைச் சொல்லும் எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

நளீர் சிலேட்டை எடுத்தான். முக்கோணம் போட்டு, உச்சியில் அடிக்கோட்டுக்குச் சமாந்தரமாக ஒரு கோடு இழுத்து, விளக்கினான். மாமா மறுபடி கேட்டார். மறுபடி விளக்கினான். மூன்றாம் தடவை மாமாவே குச்சியை வாங்கி வரைந்து முடித்து, சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நளீர் தன் கையைப் பார்த்தான். அது நடுங்கவில்லை.

"உம்மா, சோறு இன்னம் ஈக்கா?" என்று கோப்பையை இழுத்தான்.

பங்குனியில் முடிவுகளோடு கப்பல் முழுசாக வந்து சேர்ந்தது. நளீர் பாஸ். தான் போய்த் தைரியம் சொன்னதால் வந்த பாஸ் என்று மாமா கொழும்பு வீதி முழுவதும் சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை.

வாசகரே, நீங்கள் சிரிப்பது தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சையாமே, குடையை ஏன் எடுக்கிறீர்கள்? சும்மா பார்த்துவிட்டு வரத்தானே? சரி, போங்கள். போய் உட்கார்ந்ததும், உங்களுக்கு எந்தக் கேள்வியில் கை நடுங்கியது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.