மூன்றாவது ஆணி

"சார், ஆணி ஒண்ணு மிச்சம் கெடக்கு" என்றார் பியூன் சுடலைக்கண்ணு, ஸ்டூலின் மேல் நின்றபடி.

திரவியம் சார் அண்ணாந்து பார்த்தார். பாலபோதினி உயர்நிலைப் பள்ளியின் மண்டபச் சுவரில் ஏழு ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் ஆணிக்கும் கீழே பெயின்டர் ஆண்டுகளை எழுதிவிட்டுப் போயிருந்தார். பேண்டு மாஸ்டர்களின் படங்களோ ஆறுதான். மூன்றாவது ஆணி மட்டும் '1961–64' என்ற எழுத்துக்கு மேலே மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"சரியா எண்ணினீரா?"

"ரெண்டு தடவை எண்ணியாச்சு சார். ஒரு மாஸ்டரக் காணோம்."

பள்ளி பேண்டுக்குப் பொன்விழா. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. விழா மலருக்குப் பேண்டின் வரலாற்றை எழுதும் பொறுப்பு, தமிழாசிரியர் என்ற ஒரே குற்றத்துக்காகத் திரவியத்தின் தலையில் விழுந்திருந்தது. ட்ரம்முக்கும் தவிலுக்கும் வித்தியாசம் கேட்டால் அவர் கொஞ்சம் யோசிப்பார். ஆனாலும் மறுக்கவில்லை. மறுக்கிற நிலையில் அவர் இல்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் பிள்ளைகளின் தலையை எண்ணியபோது தமிழ் வகுப்பில் நான்கு தலை குறைந்தது. நான்கு தலை குறைந்தால் ஒரு டிவிஷன் போகும். டிவிஷன் போனால் ஒரு வாத்தியார் போவார். வரிசையில் கடைசி வாத்தியார் திரவியம். நெடுமங்காட்டுக்கு அப்பால் ஏதோ ஒரு பள்ளியில் தையல் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் இடம் காலியாக இருப்பதாகப் பேச்சு. நாகர்கோவிலிலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாக மலையாளச் சீமையில், கரமனையில் வேரூன்றிவிட்ட மனிதருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. "மலர் நன்னாயிட்டு வரட்டும், உங்களைப் பேண்டு பொறுப்பாளராக்கி இங்கேயே நிறுத்தச் சொல்லி பள்ளிக்கூட மானேஜர்கிட்ட பேசறேன்" என்று தலைமையாசிரியை சரோஜம் டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்தச் சரோஜம் டீச்சர் இப்போது வந்து மொட்டை ஆணியைப் பார்த்தார்.

"எந்தா சாரே இது?"

"அந்த மூணு வருசத்துக்கு வருகைப் பதிவேட்டுல பேண்டு மாஸ்டருன்னு ஒரு பேருமே இல்ல டீச்சர். ஆணியப் பிடுங்கிரலாமா?"

"அது பற்றில்லா, முடியாது! நோட்டீஸு அடிச்சாச்சல்லோ, 'இடைவிடாத ஐம்பது ஆண்டு'ன்னு. நடுவில ஓட்டை வச்சுட்டு எப்படி? ஆளைக் கண்டுபிடிங்க. நாளைக்கு மத்தியானம், உச்சைக்குள்ள பிரஸ்ல பேஜ் கொடுக்கணும், கேட்டோ."

யாரிடம் கேட்பது? அந்த ஆண்டுகளில் தலைமையாசிரியையாக இருந்தவர் கரமனை அக்ரஹாரத்துச் சிவகாமியம்மாள். பதினெட்டு வருஷம் பள்ளியை ஆண்டவர். பெற்ற மகளையே கணக்கில் ஒரு மார்க்கில் ஃபெயிலாக்கியவர். பொய் என்ற சொல்லை எழுதிக்காட்டச் சொன்னால்கூட அந்த அம்மாளுக்குக் கை வராது என்பார்கள். ஆனால் எண்பது வயதைத் தாண்டிய அவர், அந்த ஃபெயிலான மகளோடு பம்பாயில் இருந்தார். மகள் அங்கே பாங்க் மானேஜர்.

சிவகாமியம்மாள் விட்டுப்போன ஒரே சாட்சி, 1974-இல் அவரே தொகுத்த வெள்ளிவிழா மலர். அதில் பேண்டை நிறுவிய ஜமேதார் ரெங்கராவுக்கு மட்டும் இரண்டு பக்கம். பர்மா யுத்தத்தில் குண்டு விழும்போதும் வாயிலிருந்து குழலை எடுக்காதவராம். மற்ற மாஸ்டர்களுக்கு வெறும் பெயர்தான், வருஷம்கூட இல்லை.

ஜமேதாரின் படம்தான் சுவரில் முதலாவது. தலைப்பாகை, மார்பில் பதக்கம், கத்தை மீசை. மீசையின் வலப்பக்கம் சற்றே தூக்கியிருக்கும். வருஷக்கணக்காய்க் குழலூதி மூச்சு முட்டி அப்படியாகிவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். பேண்டு வெளியே கிளம்பும்போதெல்லாம் பிள்ளைகள் அந்தச் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போவார்கள். தொட்டுத் தொட்டுச் சட்டத்தின் அடிக்கட்டையில் வார்னிஷே போய்விட்டது.

மறுநாள் ஆரியசாலை அச்சகத்தில், தாளை எடுத்து வைத்துக்கொண்டு ரோஸ் காத்திருந்தாள். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பெண்.

"சாரே, அந்த ஒரு பேரு மட்டும் சொல்லுங்க. பாக்கியெல்லாம் ரெடி."

திரவியத்தின் கண் வெளியே போயிற்று. எதிர்க்கடையின் பலகையில் 'மாசிலாமணி அண்டு சன்ஸ், வத்தல் மல்லி மொத்த வியாபாரம்' என்று எழுதியிருந்தது.

"மாசிலாமணி" என்றார் திரவியம். "மாசிலாமணி மாஸ்டர். எழுதிக்கம்மா. அமைதியானவர். அதிகம் பேசமாட்டார். விளம்பரத்தை விரும்பாதவர்."

இப்படிப்பட்ட ஒரு மனிதரை யாருக்கும் நினைவிருக்காதது நியாயம்தானே என்பது அவருடைய கணக்கு. பள்ளிக்குத் திரும்பியதும் யாரும் பார்க்காத நேரத்தில் ஜமேதார் ரெங்கராவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "மன்னிச்சிருங்கய்யா. உங்க வரிசையில ஒரு பொய்ய நிறுத்திட்டேன்" என்று கும்பிட்டார். உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கியது.

ஆனால் ஆணிக்குப் பெயர் போதாது, படம் வேண்டும்.

வீட்டில் அவர் மனைவி கிருஷ்ணவேணி, "எங்க அப்பாக்க படம் ஒண்ணு ரெண்டாம் காப்பி கெடக்கே" என்றாள்.

அவள் அப்பா ஆரல்வாய்மொழியில் வனத்துறைக் காவலராக இருந்தவர். காக்கி உடுப்பு, இடுப்பில் பெல்ட், கழுத்தில் விசில். உயிரோடு இருந்தவரை மருமகனை 'வாத்தி' என்பதற்கு மேல் ஒரு சொல் மரியாதையாக அழைத்ததில்லை.

"வேற ஆளே கெடைக்கலியா?" என்றார் திரவியம்.

"ஏன், எங்கப்பாக்கு என்ன கொறச்சல்? உடுப்பு இருக்கு, விசில் இருக்கு. நாலு பேரு கும்பிட்டா ஒமக்கு என்ன போச்சு?"

படம் கிழக்கேகோட்டை ஸ்டூடியோவுக்குப் போய், பெரிதாகி, மூன்றாவது ஆணியில் ஏறியது. மாலை போட்டவர் திரவியம். உயிரோடிருந்த காலத்தில் சாதிக்க முடியாததை மாமனார் இப்போது சாதித்துவிட்டார்.

விழாவுக்கு முன்னாலேயே மலர் வெளிவந்தது. இரண்டாம் நாள், பழைய மாணவரான தாணுமாலையன் வக்கீல் கோபமாகப் பள்ளிக்கு வந்தார்.

"என்னய்யா எழுதி வச்சிருக்கேரு? மாசிலாமணி மாஸ்டர் அமைதியானவரா?"

"அது வந்து..."

"அவரு வாயத் தொறந்தா பெல் அடிச்சாலும் நிறுத்தமாட்டாரே! நான் அறுபத்திரெண்டுல எட்டாங்கிளாஸ். அந்தா, கழுத்துல தொங்குகே, அந்த விசில ஊதி ஊதி எங்க செவியக் கிழிச்ச மனுசன்லா! திருத்தம் போடும்."

திரவியம் திருத்தம் போட்டார். 'கம்பீரமாகப் பேசுபவர்' என்று ஒரு சிறு தாள் அச்சடித்து மலருக்குள் ஒட்டப்பட்டது. அதோடு நின்றிருக்கலாம். தாளைப் பார்த்த வேறு இருவருக்கு மாஸ்டரிடம் பிரம்படி வாங்கியது ஞாபகம் வந்தது. ஒருவர் தழும்பையே காட்டினார். பெற்றோர் சங்கத் தலைவர் சுனில், 'மாசிலாமணி மாஸ்டர் நினைவுச் சுழற்கோப்பை' ஒன்றை அறிவித்தார். கோப்பையை மாஸ்டரின் குடும்பத்தார் கையால் கொடுக்க வேண்டும் என்று சரோஜம் டீச்சர் சொன்னார்.

"குடும்பமே இல்ல டீச்சர். கல்யாணமே பண்ணிக்கல" என்றார் திரவியம் அவசரமாக.

"ஒரு மகள் உண்டுன்னு வக்கீல் சார் பறஞ்சாரே. ரெட்டைச் சடை போட்டு, மாஸ்டர் கையைப் பிடிச்சுட்டு வருமாம்."

வக்கீலின் ஞாபகசக்தியைத் திரவியம் மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினார். "இருந்தா கண்டுபிடிச்சிருவேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தார். தேடினேன், கிடைக்கவில்லை என்று நாலு நாள் கழித்துச் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

நாலு நாள் வரை காத்திருக்கச் சரோஜம் டீச்சருக்குப் பொறுமையில்லை. மூன்றாம் நாள் மாலை அவரே கரமனை வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தவர், எதிர்ச்சுவரைப் பார்த்து அப்படியே எழுந்து நின்றார். அங்கே முதல் காப்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதே காக்கி, அதே விசில். முன்னால் ஒரு சின்ன விளக்கு.

"சாரே... இது நம்ம மாஸ்டரல்லே?"

திரவியம் வாயைத் திறப்பதற்குள் காப்பி டம்ளரோடு வந்த கிருஷ்ணவேணி, "எங்கப்பா டீச்சர்" என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்தாள். கடித்து என்ன செய்ய?

டீச்சரின் கண்கள் நிறைந்துவிட்டன. "சொந்த மாமனாரையா சாரே இத்தனை நாளும் மறைச்சு வச்சீங்க? பெருமை அடிக்கக்கூடாதுன்னு! எந்தொரு மனுஷன்!"

மறுநாளே செய்தி மானேஜரிடம் போயிற்று. பேண்டு பரம்பரையைச் சேர்ந்த ஒருவரைத் தையல் வகுப்புக்கு அனுப்புவது பள்ளிக்கே இழுக்கு என்றார் மானேஜர். திரவியம் பேண்டு பொறுப்பாளராக இங்கேயே இருப்பார். உத்தரவை விழா மேடையிலேயே படிக்கலாம். வேலை நிலைத்துவிட்டது. ஆனால் அது மாசிலாமணியின் தோளில் நின்றது. அந்த மனிதர் விழுந்தால் திரவியமும் விழுவார். அப்புறம் தையல் வகுப்புகூடக் கிடைக்காது.

"பின்னே ஒரு சந்தோஷ சமாச்சாரம்" என்றார் சரோஜம் டீச்சர். "விளக்கேத்த சிவகாமியம்மாள் வர்றாங்க. பம்பாயிலேந்து. மாஸ்டரை நியமிச்ச தலைமையாசிரியை அவங்கதானே!"

அன்று திரவியத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, மேடையில எனக்கு அழுகை வந்தா என்ன செய்ய?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"அழு. நானும் பக்கத்துலதான் நிப்பேன். சேந்தே அழலாம்."

விழா நாள் வந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஊன்றுகோலோடு சிவகாமியம்மாள் வந்தார். ஒடிசலான உருவம், கண்ணாடிக்குள் கண் மட்டும் அன்று போலவே இருந்ததைக் கண்டு பழைய மாணவர்கள் நடுங்கினார்கள். விளக்கேற்றினார். பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முதல் படம். இரண்டாம் படம். மூன்றாவது படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திரவியத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"யாராக்கும் இவர்?"

"நம்ம மாசிலாமணி மாஸ்டர், டீச்சர்!" என்று வக்கீல் முந்திக்கொண்டார். "இது அவரோட மகள். இது மருமகன், நம்ம திரவியம் சார்."

சிவகாமியம்மாள் திரவியத்தை ஏற இறங்கப் பார்த்தார். நேராக மைக்கின் பக்கம் போனார். எல்லாம் முடிந்தது என்று திரவியம் நினைத்தார். நெடுமங்காடு பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டார்.

"நிறைய பேச வரலே" என்றார் சிவகாமியம்மாள். குரல் நடுங்கவில்லை. "மாசிலாமணி மாஸ்டரைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்றேன். அவர் இருந்த மூணு வருஷமும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பேண்டிலே ஒரு அபஸ்வரம்கூட என் காதிலே விழுந்ததில்லே."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. கிருஷ்ணவேணி அழுதாள். மானேஜர் உத்தரவைப் படித்தார். கோப்பை கை மாறியது. வக்கீல் தாணுமாலையன், "நான் சொன்னம்லா!" என்று பக்கத்தில் இருந்தவர் முதுகில் அடித்தார். திரவியத்துக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை.

விழா முடிந்து பேண்டு ஊர்வலத்துக்குக் கிளம்பியது. பிள்ளைகள் வரிசையாக வந்து ஜமேதார் ரெங்கராவின் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். சிவகாமியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காரைக் கூப்பிடப் போயிருந்தாள். திரவியம் பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார்.

"டீச்சர்... நீங்க எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டே..."

"அந்த மூணு வருஷம் பேண்டே இல்லே, கேட்டேளா? ட்ரம்மையெல்லாம் எலி கடிச்சுப்போட்டுது. ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை நான்தான் வச்சிண்டிருந்தேன். அப்புறம் எங்கேர்ந்து அபஸ்வரம் வரும்?"

திரவியம் தலை குனிந்தார். "தப்புதான் டீச்சர். வேலை போயிருமேன்னு பயந்து செஞ்சிட்டேன். ஆனா நீங்க பொய்யே பொறுக்கமாட்டீங்கன்னு சொல்லுவாங்களே. அத்தனை பேர் முன்னால என்னை ஏன் காட்டிக்குடுக்கல? அந்த ஜமேதார் முகத்துல முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

சிவகாமியம்மாள் ஊன்றுகோலை மெதுவாகத் தூக்கி முதல் ஆணியைக் காட்டினார்.

"அவன் எங்காத்துச் சமையல்காரன் வெங்கு, வெள்ளிவிழாவுக்கு மந்திரி வரார்னு நான்தான் தலைப்பா கட்டி நிறுத்தினேன், ஃபோட்டோ எடுக்கறச்சே வலது பக்கத்து மீசைக்குப் பசை பத்தலே."