ஆறடிப் பலகையும் அசையாத தொட்டிலும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கு நான், உங்கள் மாப்பிள்ளை, பத்து மாதப் பாப்பா மூவரும் நலம். பாப்பாவுக்கு நேற்று இரண்டு தும்மல் வந்தது. மூன்றாவது வருகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தேன், வரவில்லை. ஆகவே நலம் என்றே எழுதுகிறேன். அங்கு அண்ணியும் குட்டிப்பயலும் நலமா? போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவீர்கள் என்பதால்தான் எல்லாரும் படுத்தபிறகு பேனாவை எடுத்தேன்.

நாங்கள் குடியிருக்கும் உங்கள் வீட்டு முன்னறையை எனக்கு ஆல்டரேஷன் கடை வைக்கக் கொடுத்தபோது என்ன சொன்னீர்கள்? "மூணு மாசம் பாரு. இந்த நாலு தெருவுக்குள்ளேர்ந்து இருபது பேராவது வரணும். இல்லேன்னா அறையைப் பெயிண்ட் டப்பா அடுக்கக் கேட்டவருக்கு விட்டுடுவேன். நீ பாப்பாவைக் காப்பகத்துல விட்டுட்டுப் பழைய ஆபீசுக்கே கிளம்பு." அதோடு விட்டீர்களா? "பி.காம். படிச்சுட்டு பித்தான் தைக்கப் போறாளாம்" என்று அண்ணியிடம் வேறு சொன்னீர்கள். இப்போது கேளுங்கள். நேற்றோடு இருபத்தேழு பேர். இந்த வரியை அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டினேன் என்பதை மறைக்கவில்லை. படித்த படிப்பையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். வீடு வீடாக நோட்டீஸ் செருகினேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் "பேண்ட் நீளமா? கவலை வேண்டாம்" என்று போட்டேன், பதிலுக்கு முப்பத்திரண்டு பூப்படமும் "இன்னைக்குத் தண்ணி வருமா?" என்று ஒரு கேள்வியும் வந்தன. கடைக்குள் வந்தது தபால்காரர் மட்டும்தான், அவரும் வேறு வீட்டுக்கு வழி கேட்டு. இதில் இன்னொரு சங்கடம், பாப்பா பகலில் தையல் மெஷின் ஓடினால்தான் தூங்குவாள், நின்றால் விழித்துக்கொள்வாள். தைக்கத் துணி இல்லாமல் மெஷினை எப்படி ஓட்டுவது? உங்கள் மாப்பிள்ளையின் பேண்ட்டை எடுத்துக் குறைத்தேன், பிரித்தேன், மறுபடி குறைத்தேன், ஒருநாள் கணக்கு தவறிக் கூடுதலாக வெட்டிவிட்டேன். ஆபீசில் அவரை "என்ன சார், வீட்டுக்குள்ள வெள்ளம் புகுந்துடுச்சா?" என்று கேட்டார்களாம். பாவம், நீளமான சாக்ஸ் வாங்கிக்கொண்டார்.

கடைசி முயற்சியாகப் பலகை எழுதக் கொடுத்தோம். தெருவைப் பார்த்து மாட்ட ஆறடிப் பலகையில் "பேண்ட், சட்டை ஆல்டரேஷன், ஜிப் மாற்றித் தரப்படும்." உள்ளே தொட்டிலுக்கு மேலே கையகலப் பலகையில் "குழந்தை தூங்குகிறது. மெதுவாகப் பேசவும்." இரண்டு சீட்டில் எழுதி உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்து, "முக்கியமானது பெரிசா, மத்தது சின்னதா" என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் பலகை வந்து இறங்குகிறது, ஆறடி நீளத்துக்குச் சிவப்பு எழுத்தில் "குழந்தை தூங்குகிறது"! ஆல்டரேஷனைப் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நிதானமாகக் கேட்கிறார், "ரெண்டுல எது முக்கியம்னு நீயே சொல்லேன்." அப்பன்காரன் இப்படிக் கேட்டால் அம்மாக்காரி ஆல்டரேஷன் என்றா சொல்வாள்? அப்படியே மாட்டச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து தெருவே மாறிவிட்டது அண்ணா. விடியும்போதே ஹாரன் அடித்து ஊரை எழுப்பும் மினி லாரி டிரைவர் முனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து வந்தார்.

"தங்கச்சி, பாப்பா தூங்குதா?"

"தூங்குதுண்ணே."

"எந்நேரமும் தூங்குமா?"

"மெஷின் ஓடுற வரைக்கும்."

அவர் யோசித்தார். போனார், வீட்டிலிருந்த ஜிப் போன பேண்ட் நான்கையும் அள்ளிக்கொண்டு வந்தார். "ஓட்டிட்டே இருங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: துணி கொடுக்காவிட்டால் குழந்தை எழுந்துவிடுமாம்! மாடி வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் "உஷ்!" என்று அடக்குகிறார். மெஷின் கடகடவென்று அலற, அதற்கு நடுவே எல்லாரும் ரகசியம் பேசுகிறார்கள். ஒருவர் சொல்வதும் காதில் விழுவதில்லை என்பதால் அளவைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன், அன்றிலிருந்து ஒரு அளவும் தப்பவில்லை. மெயின் ரோட்டுப் பெரிய கடைக்காரரே வேவு பார்க்க வந்தார். தலைமையாசிரியை அவரையும் "உஷ்!" என்றார். மனிதர் கையாலேயே வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதையெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்? பாப்பா பக்கத்தில் இருக்கிறாள், கடையும் நடக்கிறது. உங்கள் தங்கையைப் பற்றி நீங்கள் நாலு பேரிடம் பெருமையாகப் பேசலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெயிண்ட் டப்பாக்காரரிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். அண்ணிக்கு என் அன்பு, குட்டிப்பயலுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், உங்களுக்கு இருபத்தேழு வணக்கம்.

இப்படிக்கு,
பித்தான் தைக்கும் பி.காம். தங்கை

பி.கு.: ஒரு சின்ன விஷயம். திங்கட்கிழமையிலிருந்து பாப்பா பகலில் தூங்குவதில்லை. மெஷின் ஓடினால் எழுந்து நின்று கைதட்டுகிறாள். உங்கள் மாப்பிள்ளை லீவு போட்டுப் பின்னறையில் அவளை வைத்துக்கொண்டிருக்கிறார். தொட்டிலில் இருப்பது தலையணை, குல்லாய் போட்டிருக்கிறது. இன்று தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "அப்படியே அப்பா ஜாடை" என்று என் காதோடு சொல்லிவிட்டுப் போனார். உங்கள் மாப்பிள்ளையின் லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. குட்டிப்பயல் பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவான் என்று அண்ணி சொன்னார்களே, ஞாயிற்றுக்கிழமை மூன்று மாதக் கெடு முடிந்து தலைகளை எண்ண வரும்போது அவனைக் கூட்டி வாருங்கள், ஒரு பத்து நாள் அந்தத் தொட்டிலில் இருக்கட்டும். வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும். தொட்டிலைப் பார்த்தால் நீங்களும் அப்பா ஜாடை என்றே சொல்லவும்.