நோவா வீட்டு வேப்பிலை

ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசல் நிலையில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தான் அஜந்தன். வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. அம்மை போட்டதாகச் சொல்லப்பட்ட மகள் யசோதினி முற்றத்தில் ஸ்கிப்பிங் கயிறு அடித்துக்கொண்டிருந்தாள்.

"அடியேய், உள்ள போ! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க யாராச்சும் பாத்தா?"

"எண்பத்தாறு, எண்பத்தேழு... இருங்கப்பா, நூறு அடிச்சிட்டு வாரேன்."

மனைவி ஜீவராணி வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏங்க, பொய்யாக் கட்டினா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"ஆத்தா மன்னிச்சிருவா. இராமையா சேர் மன்னிக்க மாட்டாரு."

அஜந்தன் தெமோதரைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார். மகளும் அதே பள்ளிக்கூடத்தில், அடுத்த அறையில் இருந்த இன்னொரு நாலாம் வகுப்பில் படித்தாள். படித்தாள் என்று சொல்வது பேச்சுக்கு; உட்கார்ந்திருந்தாள். அது பள்ளிக்கூட அதிபர் இராமையா சேரின் உத்தரவு. "வாத்தியார் பிள்ளையே இங்க படிச்சாத்தான் தேயிலைத் தோட்டத்துச் சனம் நம்மளை நம்பும்" என்று காலைக் கூட்டத்தில் முழங்குவார். அவர் மகன் பதுளையில் ஏதோ பெரிய பள்ளிக்கூடமாம். எது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று அஜந்தனுக்குத் தெரியாதா? நடத்துகிறவனே அவன்தானே! போன தவணை முழுக்க விளையாட்டுப் போட்டிக்குக் கொடி ஒட்டினான், மிச்ச நேரம் போன் பார்த்தான். அவன் வகுப்பு ஏழாம் வாய்பாட்டிலேயே மூன்று மாதமாக நிற்கிறது. ஒருநாள் மகளிடம், "எட்டெட்டு எத்தனை?" என்று கேட்டான்.

"எட்டாம் வாய்பாடு இன்னும் வரலப்பா. டீச்சர் கலைவிழாவுல பிஸி."

அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன் வகுப்பில் இருக்கும் முப்பத்திரண்டு பிள்ளைகளை நினைத்து எரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தன் மகளை நினைத்துத்தான்.

ஜீவராணிதான் வழி கண்டுபிடித்தாள். ஹாலிஎலவில் நிரஞ்சலா அக்கா என்று ஒரு பழைய நர்ஸ், பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டிச் சேர்க்கிறாராம். வாட்ஸப் குரூப் தொடங்கி ஒரு மாதம்தான். ஒருவரை ஒருவர் இன்னும் பார்த்ததில்லை. கல்வி அலுவலகத்துக் காதில் விழக்கூடாது என்பதால் சொந்தப் பேர் கிடையாது, வேதாகமப் பேர்தான். அதற்கென்றே புது சிம் போட வேண்டும்.

"நாம மாரியம்மன் கோயில் ஆளுங்களாச்சே?" என்றான் அஜந்தன்.

"பிள்ளை படிக்கணுமா, வேணாமா?"

அஜந்தன் நோவா ஆனான். நிரஞ்சலா அக்கா போனில் கேட்டார்: "தம்பி எந்தச் சபை?"

"பதுளைச் சபைங்க."

"பதுளையில எது?"

"அந்த... மலைக்குப் பக்கத்துல இருக்கே."

"பதுளையில எது தம்பி மலைக்குப் பக்கத்துல இல்ல?"

எப்படியோ சமாளித்தான். ஆனால் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய மூன்றாம் நாளே இராமையா சேர் பிடித்துக்கொண்டார்.

"எங்க, உங்க மகளைக் காணோம்? என்னத்துக்குக் கேக்குறேன்னா, நம்ம பள்ளிக்கூடத்தை நம்பாத வாத்தியாரை மாத்திப் போட மடுல்சீமையில நல்ல இடம் இருக்கு. பஸ்ஸுகூடப் போகாது."

"அம்மை போட்டிருக்கு சேர்!" வாயில் வந்ததைச் சொன்னான்.

"அடடா! அப்ப சனிக்கிழமை ஸ்டாப் எல்லாம் வந்து பாக்குறோம்."

"ஐயோ, தொத்திக்கும் சேர்!"

"அதுவும் சரிதான்." சேரின் முகத்தில் நிம்மதி வெளிப்படையாகத் தெரிந்தது. "எனக்கும் சனிக்கிழமை பண்டாரவளையில ஒரு கல்யாணம்."

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் அவன் வீட்டு வழியாகத்தான் போகும். அதனால்தான் இந்த வேப்பிலை. கட்டி முடித்து ஸ்டூலிலிருந்து இறங்கினான். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார்.

"ஸ்தோத்திரம் தம்பி. நான்தான் நிரஞ்சலா. வீட்டைப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்." அண்ணாந்து பார்த்தார். "யாருக்கு அம்மை?"

"யாருக்கும் இல்லீங்க. இது டெங்கு கொசுவுக்கு."

"இருபத்தெட்டு வருசம் நர்ஸா இருந்திருக்கேன். வேப்பிலைக்குப் பயந்த கொசுவை நான் பாத்ததில்ல. கழட்டுங்க. புதுசா வந்த குடும்பத்து வீட்லதான் முதல் ஜெபம் வைக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாக் குடும்பமும் இங்க வருவாங்க. நான் குரூப்புல பேர் போடாம, வழியை மட்டும் போட்டு விடுறேன்."

சனிக்கிழமை காலை வேப்பிலை இறங்கியது. ஆத்தா படம் அலுமாரிக்குள் போனது. பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"ஸ்தோத்..." என்று வாய் நிறையத் தொடங்கிய அஜந்தன் அதை இருமலாக மாற்றினான். வாசலில் இராமையா சேர், சம்சாரம், மகன்! சேருக்கும் அதே நேரம் பெரிய இருமல் வந்தது.

"அஜந்தன்! இது உங்க வீடா... அதாவது, பிள்ளையைப் பாக்க வந்தோம்."

"பண்டாரவளைக் கல்யாணம் சேர்?"

"அது நின்னுருச்சு."

நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் ஒரு பிஸ்கட் பக்கட்டாவது இருக்கும். சேர் கையில் ஒரு கறுப்புப் பை மட்டும். எப்போதும் பட்டை அடித்திருக்கும் நெற்றி அன்றைக்குத் துடைத்த மாதிரி இருந்தது. அஜந்தனுக்கு அதையெல்லாம் யோசிக்க எங்கே நேரம்?

"வேப்பிலையைக் காணோம்? தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

"நேத்துதான் சேர்."

"அப்ப திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

யசோதினி கயிற்றோடு உள்ளே வந்தாள்.

"ஒரு தழும்புகூட இல்லையே!"

"ஆத்தா நல்லவ சேர்."

அதற்குள் இங்கிலீஷ் வாத்தியார் நிஷாந்த், மனைவி, பிள்ளைகளோடு படியேறினார். உள்ளே அதிபரைக் கண்டதும் அவர் முகம் பேயறைந்தது போல ஆனது. "பிள்ளையைப் பாக்க வந்தோம்" என்றார். பின்னாலேயே யசோதினியின் வகுப்பு டீச்சர், புருசனோடும் மகனோடும். அவரும் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தாராம்.

டீ குடித்தாயிற்று. ஒருத்தரும் எழும்புவதாக இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்து, "உங்களுக்கு நேரமாகலையா?" என்று மாற்றி மாற்றி விசாரித்தார்கள். எல்லார் கண்ணும் கடிகாரத்தில்.

நிரஞ்சலா அக்கா இந்த நிமிசம் வந்து, "ஸ்தோத்திரம் நோவா" என்று கூப்பிட்டால் போதும். மடுல்சீமைதான். அஜந்தன் டீ போட்ட குசினிக்குள் ஓடி, குரூப்பில் அடித்தான்: 'நோவா குடும்பம். வீட்டுல ஆபத்தான ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. யாரும் வர வேணாம். ஸ்தோத்திரம்.'

முன்னறையில் மூன்று போன்கள் ஒன்றாக மணி அடித்தன.

அஜந்தன் எட்டிப் பார்த்தான். இராமையா சேர் போனைத் தூரப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நிஷாந்தும் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் படித்து முடித்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்கதான் நோவாவா?" என்றார் இராமையா சேர்.

"ஆமாங்க சேர். நீங்க?"

"மோசே." சேர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"காலேப்" என்றார் நிஷாந்த். டீச்சர் எஸ்தராம்.

யார் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யசோதினி மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினாள். அவள் கையிலிருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது.

"அப்பா, நம்ம பள்ளிக்கூடம் அப்படியே இங்க வந்துருச்சே! அப்ப இங்கயும் எட்டாம் வாய்பாடு வராதா?"